எங்கள் தெரு நியாயவிலைக் கடை: இருபது கிலோ அரிசியும் அதன் கணக்கும்

கோவையின் கிழக்குப் பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கும் நியாயவிலைக் கடையில் நான் 2006ஆம் ஆண்டிலிருந்து பொருள் வாங்கி வருகிறேன். திருமணமாகி இந்த ஊருக்கு வந்து, மாமியார் வீட்டுக் குடும்ப அட்டையில் என் பெயரைச் சேர்த்த ஆண்டு அது. கிலோ மூன்றரை ரூபாயாக இருந்த அரிசி அந்த ஜூன் மாதம் இரண்டு ரூபாய்க்கு இறங்கியது. 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி ஆனது. இந்த மாற்றங்களையெல்லாம் ஒரே கடையின் ஒரே மேசைக்கு முன்னால் நின்று பார்த்தவள் என்ற முறையில் இக்கடையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

உணவகத்துக்கும் கைப்பேசிக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறோம். தமிழ்நாட்டில் 35,000க்கும் மேற்பட்ட கடைகள் வழியாக, 2 கோடியே 20 லட்சம் அட்டைகளுக்கு மேல், மாதந்தவறாமல் பொருள் வழங்கும் ஒரு சேவைக்கு அப்படி எழுதப்பட்டதை நான் பார்த்ததில்லை. இலவசம் தேவையா, வசதி உள்ளவர்களுக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்ற வாதம் மட்டும் ஓயாமல் நடக்கிறது. அரசுப் பணம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பேசுவதற்கு முன், அந்தப் பணத்தில் வந்த அரிசியைக் களைந்து உலையில் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆகவே அரிசியிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்களுடையது முன்னுரிமையற்ற குடும்ப அட்டை, ஆனால் அரிசி வாங்கும் அட்டை. மாதம் 20 கிலோ வரை உண்டு. புழுங்கலும் பச்சரிசியும் இருப்பைப் பொறுத்துக் கலந்து தருவார்கள். புழுங்கலரிசி தடித்த ரகம். நல்ல மூட்டை வந்த மாதத்தில் அது வெள்ளையாக, கல் இல்லாமல், சோற்றுக்கே பயன்படும் தரத்தில் இருக்கிறது. அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. இரவு வரை வைத்திருந்தால் விறைத்துவிடும். மட்டமான மூட்டை வந்த மாதத்தில் சாக்கு வாடை மூன்று முறை களைந்தும் போவதில்லை, கறுத்த அரிசியைப் பொறுக்குவதற்கே முறத்தோடு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். ஆண்டுக்கு நான்கைந்து மாதம் இப்படி அமைகிறது என்பது என் அனுபவம். பத்தாண்டுகளுக்கு முன் இது இன்னும் மோசமாக இருந்தது.

இட்லிக்கு மட்டும் இந்த அரிசியை நான் எந்தத் தயக்கமும் இன்றிச் சிபாரிசு செய்வேன். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, கொஞ்சம் வெந்தயம்; மாவு பொங்கி வரும் விதத்தில் கடையில் கிலோ ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கும் இட்லி அரிசிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. எங்கள் தெருவில் கார் வைத்திருக்கும் வீடுகளிலும் மாவுக்கு இந்த அரிசிதான் போகிறது. இந்தச் செய்தி பின்னால் வரும் கணக்குக்குத் தேவைப்படும்.

செறிவூட்டிய அரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டுவாக்கில் எங்கள் கடை அரிசியில், மற்றவற்றைவிடச் சற்று மங்கலான நிறத்தில், விரலில் தேய்த்தால் வழுவழுப்பாக இருக்கும் மணிகள் தென்படத் தொடங்கின. களையும்போது அவற்றில் சில மிதந்தன. பிளாஸ்டிக் அரிசி என்று தெருவில் பேச்சு பரவியது. என் மாமியார் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்திருந்தார். அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவில் அச்சிட்டு, நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறார்கள் என்று நான் படித்துச் சொன்ன பிறகுதான் பொறுக்குவதை நிறுத்தினார். இரத்தசோகையைக் குறைக்க அரசு செலவு செய்து சேர்த்த சத்தை, அது யாருக்காகச் சேர்க்கப்பட்டதோ அவர்களே பொறுக்கி எறிந்திருக்கிறார்கள். கடைச் சுவரில் நான்கு வரியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தால் போதும். எங்கள் கடையில் இன்றுவரை அது இல்லை.

பருப்பும் எண்ணெயும்தான் இக்கடையின் உண்மையான கவர்ச்சி. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் வழி அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வெளியில் இரண்டுமே நூறு ரூபாயைத் தாண்டிய பொருள்கள். பருப்பு சில மாதம் நல்ல துவரையாக வரும், சில மாதம் கனடா மஞ்சள் பருப்பு வரும்; பின்னது சீக்கிரம் வெந்துவிடும், சாம்பாரில் மணம் இருக்காது. சர்க்கரை 2017 நவம்பரிலிருந்து கிலோ 25 ரூபாய். கோதுமை வந்தால் விலையில்லை, வருவதுதான் அபூர்வம்.

எடையைப் பற்றி ஒரு நல்ல செய்தி. மின்னணுத் தராசை ரசீது போடும் கருவியுடன் இணைத்த பிறகு, இருபது கிலோ என்று வாங்கி வீட்டில் நிறுத்தால் பத்தொன்பது இருக்கும் பழைய நிலை எங்கள் கடையில் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. அதே இணைப்பால் ஓர் அட்டைக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. அரிசிக்கு ஒரு முறை, சர்க்கரைக்கு ஒரு முறை என்று தராசு நிலைத்து நிற்கும்வரை காத்திருந்துதான் அடுத்த பொருளுக்குப் போக முடிகிறது. விற்பனையாளரும் எடையாளரும் சேர்ந்து இரண்டே பேர். ஆயிரத்தை நெருங்கும் அட்டைகள். அவர்கள் பேச்சில் சில நேரம் தெரியும் கடுமையை நான் குறையாக எழுதப் போவதில்லை, ஏனென்றால் காலையிலிருந்து மாலைவரை ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும் நிலையில் அவர்களை வைத்தது அவர்கள் அல்லர்.

அந்தக் கேள்வியை நான் நேரில் கேட்ட ஒரு நாளைச் சொல்கிறேன். மாதத்தின் எட்டாம் தேதி. எனக்கு முன்னால் நின்றவர் நூற்பாலையில் இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் ஓர் அக்கா. எங்கள் தெருவின் கடைசி வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்.

“தொவரம் பருப்பு வந்துருச்சுங்களா?”

“இன்னும் வரலீங்க. பாஞ்சாந்தேதிக்கு மேல வந்து பாருங்க.”

“போன வாரமும் இதத்தானுங்க சொன்னீங்க.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அரிசியையும் சர்க்கரையையும் வாங்கலாம் என்று வலது கை ஆள்காட்டி விரலைக் கருவியில் வைத்தார். ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தார். பிறகு தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பசையோடு வைத்தார். பிறகு கட்டைவிரல், இடது கை, மறுபடி வலது கை. நூலிழையிலேயே இருபது ஆண்டு ஓடிய கைகளில் ரேகை எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஒன்பதாவது முயற்சியில் பச்சை விளக்கு எரிந்தது. 2020 அக்டோபரில் கைரேகை முறை வந்ததிலிருந்து இந்தக் காட்சியைப் பார்க்காமல் நான் கடையை விட்டு வந்த மாதம் குறைவு. அண்மைக் காலத்தில் கருவிழிப் பதிவும் வந்திருக்கிறது. பட்டறையில் லேத் ஓட்டுகிறவர்களுக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது ஓரளவு உதவுகிறது.

இனி, யாருக்குப் பயன் என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த அக்காவின் அட்டையும் என் அட்டையும் ஒரே வகை: முன்னுரிமையற்றது. நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதுகிறேன், என் கணவர் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், வீடு சொந்த வீடு. அவர் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளுடன் தனியாக வாழ்கிறார். எங்கள் தெருவிலேயே மாடி வீடு கட்டி இரண்டு குடித்தனங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு குடும்பத்தின் அட்டையில் முன்னுரிமை என்று அச்சிடப்பட்டிருக்கிறது. 2017இல் ஸ்மார்ட் அட்டைகள் வந்தபோது எந்தத் தகவலை வைத்து யாருக்கு எந்த வகை போடப்பட்டது என்பது எங்கள் தெருவில் எவருக்கும் தெரியாது. அந்த அக்கா இருமுறை மனு கொடுத்தார். வகை மாறவில்லை.

இந்தத் தவறு வேறொரு மாநிலத்தில் நேர்ந்திருந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரிவதே சிரமமாகியிருக்கும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ; முன்னுரிமை இல்லை என்றால் ஒன்றிய அரசின் உத்தரவாதம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்தின் கீழ் வருபவர்கள் சுமார் 3 கோடியே 64 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். மிச்சமுள்ள பாதிப் பேருக்கு அரிசி கொடுப்பது மாநில அரசின் சொந்த முடிவு. அந்தப் பாதியில் நானும் இருக்கிறேன், அந்த அக்காவும் இருக்கிறார். என்னை நீக்குவதற்கு இன்றைய அட்டை வகையைப் பயன்படுத்தினால் அவரும் சேர்ந்தே நீங்கிவிடுவார். வசதி உள்ளவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பதில் இதுதான்.

இந்த முடிவு ஒரே நாளில் எடுத்ததன்று. 1967இல் அண்ணாவின் ஆட்சி வந்தபோது ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் வழங்கப்பட்டது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கத்தின் நிச்சயமான பகுதி அது. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மாமியார், அதிகாலையில் தன் தாயோடு பை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றதை இன்றும் சொல்வார். அந்த நினைவில் அவருக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், ஒன்றிய அரசு நாடு முழுவதும் வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று அட்டைகளைப் பிரிக்கச் சொன்னபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. பிரித்த மாநிலங்கள் பலவற்றில் நடுத்தரக் குடும்பங்கள் கடையை விட்டு விலகின. கடையில் எடை குறைந்தாலும், மூட்டை மாறினாலும், பூட்டியே கிடந்தாலும் குரல் எழுப்பி மனு எழுதக்கூடியவர்கள் அங்கே இல்லாமல் போனார்கள். பொருளியல் அறிஞர்கள் ஜான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் 2011-12க்கான கணக்கெடுப்புத் தரவுகளை ஆராய்ந்தபோது, கிடங்கிலிருந்து புறப்பட்டு வீட்டுக்கு வந்து சேராத தானியத்தின் பங்கு நாடு முழுவதற்கும் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டில் 12 சதவீத அளவில்தான் இருந்தது.

அந்த வேறுபாட்டின் காரணத்தை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வாங்காத கோதுமையை வாங்கியதாக என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. நான் 1967 என்ற புகார் எண்ணுக்குப் பேசினேன், எழுத்திலும் கொடுத்தேன். அடுத்த மாதம் தெருவில் எவருக்கும் அப்படிச் செய்தி வரவில்லை. நான் இட்லி மாவுக்காக மட்டுமே இந்தக் கடைக்குப் போகிறேன் என்று வைத்துக்கொண்டாலும், அங்கே நான் நிற்பதால் எனக்குப் பின்னால் நிற்பவரின் எடையும் சரியாக இருக்கிறது. எனக்குக் கொடுக்கும் இருபது கிலோவை வீண் செலவு என்று எழுதுகிறவர்கள் இந்தப் பயனை எந்தத் தலைப்பிலும் வரவு வைப்பதில்லை.

செலவு எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவோம். 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் உணவு மானியத்துக்கு மாநில அரசு ஒதுக்கியது 10,500 கோடி ரூபாய். அந்த ஆண்டின் வருவாய்ச் செலவு மூன்று லட்சம் கோடிக்கு மேல். ஆக, நூறு ரூபாயில் மூன்றரை ரூபாய்க்குள். அட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் அட்டைக்கு மாதம் 400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை நான்கிலும் கை கொடுப்பதற்கு இது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கெழுதுகிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: இவ்வளவு பேரை இவ்வளவு சீராகச் சென்றடையும் வேறொரு செலவுத் தலைப்பைக் காட்டுவது கடினம்.

கசிவு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கேரள எல்லையில் உள்ள வாளையாறு எங்கள் ஊரிலிருந்து தொலைவில் இல்லை. ரேஷன் அரிசி மூட்டைகள் எல்லை தாண்டும்போது பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்று கிலோ சில ரூபாய்க்கு விற்றுவிடும் வீடுகளும் உண்டு. அது மாவாகவோ கோழித் தீவனமாகவோ மாறுகிறது. இது உண்மையான இழப்பு, ஏழைகளின் பெயரால் ஒதுக்கிய பணம் இடைத்தரகரின் பையில் விழும் இழப்பு. ஆனால் அப்படி விற்கும் வீடுகள் பெரும்பாலும் வசதியான வீடுகள் என்று எண்ணிவிடக் கூடாது. மிகவும் வசதியானவர்கள் பலர் வரிசையில் நிற்கவே வருவதில்லை. சர்க்கரை அட்டைக்கோ பொருளில்லா அட்டைக்கோ மாறிவிட்டவர்கள் பலர். விற்கும் வீடுகளில் நான் அறிந்தவை, நல்ல அரிசி வாங்கப் பணம் போதாமல், இந்த அரிசியைக் கொடுத்து அந்தப் பணத்தோடு மேலும் போட்டு வெளியில் வாங்குபவை. மூட்டையின் தரம் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருந்தால் இந்த வியாபாரம் பாதியாகக் குறைந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் கண்முன் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது, நிலத்துக்கு உச்சவரம்பு என்று நிபந்தனைகள் வைக்கப்பட்டன. 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் தேர்வானவர்கள் 1 கோடியே 6 லட்சம் பேர். மாதம் ஆயிரம் ரூபாய் பெண்ணின் கைக்கு வருவது பெரிய காரியம், அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆயினும் விண்ணப்பம் வாங்க ஒரு முகாம், சரிபார்க்க ஒரு குழு, விடுபட்டவர்களுக்கு மேல்முறையீடு என்று வரிசைக்கு மேல் வரிசை அமைக்க வேண்டியிருந்ததை எல்லாரும் பார்த்தோம். விண்ணப்பப் படிவம் கொடுக்கும் வேலை நியாயவிலைக் கடை ஊழியர்களின் தோளில் ஏறியது. அரிசிக்கும் இதே சல்லடை வந்தால், ஒரே மின்கணக்கில் மூன்று குடித்தனம் ஓடும் எங்கள் தெருவில் முதலில் கீழே விழுவது யார் என்பதைச் சொல்ல ஆய்வு எதுவும் தேவைப்படாது.

இலவசம் என்ற சொல்லும் எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருத்தப்படுவதில்லை. 2022 ஜூலையில் பிரதமர் இலவசக் கலாசாரத்தை எச்சரித்துப் பேசினார். ஒன்றிய அரசே இன்று 81 கோடி மக்களுக்கு விலையில்லாத் தானியம் தருகிறது, அதை 2024 ஜனவரியிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தும் இருக்கிறது. அந்த நீட்டிப்பு சரியான முடிவு என்பதே என் கருத்து. 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, அதனால் ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று ஒன்றிய அரசே கணக்குச் சொன்னது. 2025இல் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை என்று ஆனபோது குறைவதாகச் சொல்லப்பட்டது சுமார் ஒரு லட்சம் கோடி. அந்தச் சலுகையின் ஒரு சிறு பங்கு எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதற்காக நாங்கள் எந்த வரிசையிலும் நிற்கவில்லை, எவரும் எங்கள் விரலைக் கருவியில் வைத்துப் பார்க்கவில்லை, வெட்கமாக இல்லையா என்று எவரும் கேட்கவுமில்லை. அந்த அக்காவிடம் அலுவலகத்துக்கு அலுவலகம் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

கடையின் பணத்தில் வாழ்பவர்கள் வரிசைக்கு வெளியிலும் இருக்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். டெல்டாவில் அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் குவியும் நெல்லை அரசு வாங்குவதால்தான் அந்த உழவருக்குக் குறைந்தபட்ச விலையாவது கைக்கு வருகிறது. அரவை ஆலை, லாரி, சுமைதூக்கும் தொழிலாளர் என்று அந்தச் சங்கிலி நீளுகிறது. வெளிமாநிலத்திலிருந்து இங்கு வந்து பட்டறைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் ஒரே நாடு ஒரே அட்டை முறையில் தங்கள் பங்கை இங்கேயே வாங்கலாம். ஆனால் எங்கள் கடையில் அப்படி ஒருவர் வாங்கிப் போனதை நான் ஒரு முறைதான் பார்த்தேன். மொழி தெரியாமல் தயங்கி நின்ற அவருக்கு எடையாளர் கையசைத்தே விளக்கி அரிசி போட்டுக் கொடுத்தார்.

இக்கடையில் என் பெரிய குறை நேரம்தான், அதைப் பணமாகவும் கணக்கிட்டுப் பார்த்தேன். பருப்பிலும் எண்ணெயிலும் சேர்த்து அந்த அக்காவுக்கு மாதம் ஏறக்குறைய 150 முதல் 200 ரூபாய் மிச்சம். அதற்காக மூன்று முறை வர வேண்டியிருந்தால், அதில் ஒரு நாள் ஷிப்டுக்குத் தாமதமாகி அரை நாள் கூலி போனால், அரசு கொடுத்ததைக் கடையே திரும்ப எடுத்துக்கொண்டதாக ஆகிறது. எனக்கு அந்த இழப்பு இல்லை. நான் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வருகிறேன், சம்பளம் குறைவதில்லை. வரிசையின் சிரமமே வசதியானவர்களைத் தானாக விலக்கிவிடும் என்று சிலர் வாதிடுவதைப் படித்திருக்கிறேன். அந்தச் சிரமம் நாள்கூலிக்காரரைத்தான் முதலில் விலக்குகிறது. எங்கள் வரிசையில் ஒரு காலை நேரம் நின்றால் எவரும் இதைப் பார்க்கலாம்.

ஆகவே அரசு இந்தத் துறையில் மேலும் பணம் செலவிட வேண்டும் என்றால், எனக்கு வரும் அரிசியை நிறுத்தி மிச்சம் பிடிப்பதில் தொடங்க வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றும் மாதத்தின் முதல் வாரத்திலேயே சேர்ந்து வருவதற்கு ஏற்பாடு செய்யட்டும். ஆயிரம் அட்டைக்கு இன்னும் ஓர் ஆளைப் போடட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணிவரை கடை திறந்திருக்கட்டும். மிதக்கும் மணிகளைப் பற்றி அந்த நான்கு வரி அறிவிப்பை ஒட்டட்டும்.

முடியாதது எதுவும் இதில் இல்லை என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியோர் மட்டுமே இருக்கும் வீடுகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் பக்கத்துச் சந்தில் எழுபது கடந்த கணவனும் மனைவியும் தனியாக இருக்கிறார்கள். முன்பெல்லாம் அந்த அம்மா ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்து, விலையில்லாத அரிசியை வாங்கி வருவார். இப்போது மாதந்தோறும் வண்டி வருகிறது. தராசை வாசல் திண்ணையிலேயே வைத்து நிறுக்கிறார்கள். போன மாதம் நான் அங்கே நின்றிருந்தபோது, அந்த அம்மா தராசின் எண்ணை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, வந்த பையனுக்கு மோர் கொடுத்தார். பருப்பும் எண்ணெயும் அரிசியோடு சேர்ந்தே வந்திருந்தன.

எங்கள் கடையில் இந்த மாதம் அரிசியும் சர்க்கரையும் வாங்கிவிட்டேன். அரிசி நல்ல மூட்டை. பருப்பு இன்னும் வரவில்லை. வந்த அன்றே தொலைபேசியில் சொல்வதாக அந்த அக்காவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன், இனி அவர் இன்னொரு அரை நாள் கூலியை இதற்காக இழக்கக் கூடாது.